எலியைக் கடன் கொடுத்தவன் கெட்டிக்காரன்

நேத்து ராத்திரி போன்ல நீ படிச்சுக் காட்டுன பேச்சை முழுசாக் கேட்டேன் தாயி. தாத்தா நடுவுல தூங்கிட்டாருன்னு நெனைச்சிருப்பே. கண்ணுதான் மூடியிருந்துச்சு, காது முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்துச்சு. மருத்துவ ஆராய்ச்சி மையமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோக்கணும், எந்தப் பேரிடர் வந்தாலும் விழுந்தது தெரியாம எந்திரிக்கணும்னு நாப்பது படம் போட்டு வச்சிருக்கே. படத்துக்குப் படம் வட்டம், வட்டத்துக்கு வட்டம் அம்பு. ராமர் ராவணன் மேல விட்டதுகூட அத்தனை இருக்காது.

வேலை நல்ல வேலைதான், அதுல குறை சொல்லல. எலிக்குப் பலிச்ச மருந்து ஆராய்ச்சிக் காகிதத்தோட நின்னு போவுது, அதை நோயாளி கட்டில் வரைக்கும் கொண்டாந்து சேக்கத்தான் நாங்க இருக்கோம்னு சொன்னே பாரு, அது எனக்கு நல்லா வெளங்குச்சு. அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனம் 2006ல 12 மையத்தோட இதை ஆரம்பிச்சு, பொறவு 60க்கு மேல போயிடுச்சுன்னும் சொன்னே. 60 மையம்னா 60 இயக்குநரு, 60 சின்னம், 60 வருஷாந்திர அறிக்கை. ஒத்துழைப்புன்னா எல்லாருக்கும் உசிரு. என்ன, அடுத்தவன் வந்து நம்மளோட ஒத்துழைக்கணும், நாம போயி அவனோட ஒத்துழைக்கிறது மட்டும் கௌரவக் குறைச்சல்.

அது போகட்டும். நாப்பது படத்துல ஒரு படத்துலயாச்சும் எலி வருமான்னு பாத்தேன். வரல. எலிதான் தாயி இதுல கதாநாயகன்.

நீ குடியிருக்குற ஹூஸ்டன்லயே நடந்த கதைதான். உனக்கு அப்ப பாவாடை கட்டுற வயசு. 2001 ஜூன் மாசம் ஆலிசன்னு ஒரு மழை. பெரும் புயல்கூட இல்ல, ஒரே எடத்துல நின்னு கொட்டித் தீத்த மழை. டெக்சாஸ் மருத்துவ மையம், அந்த மாதிரி ஒரு ஆஸ்பத்திரிக் கூட்டம் உலகத்துலயே இல்லேன்னு பேரு. கட்டடத்துக்குக் கட்டடம் பூமிக்கடியில சுரங்கப்பாதை போட்டு வச்சிருந்தாங்க, வெயில் படாம நடக்க. தண்ணியும் வெயில் படாமத்தான் நடந்துச்சு. ஒரு கட்டடத்துல எறங்கி மறு கட்டடத்துல ஏறிடுச்சு. கீழ்த்தளத்துல என்ன வச்சிருந்தாங்க? கரண்டுப் பலகை, ஆராய்ச்சி மிருகம். கரண்டு போனதால மெமோரியல் ஹெர்மன் ஆஸ்பத்திரியில 500க்கு மேற்பட்ட நோயாளிகளை வெளியேத்தவேண்டியதாப் போச்சு. பேலர் மருத்துவக் கல்லூரியிலயும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியிலயும் எலி, நாய், கொரங்குன்னு ஆயிரக்கணக்கான உசிரு கூண்டோட முங்கிப் போச்சு. பல வருஷத்து ஆராய்ச்சியும் அதோட சேந்து போச்சு.

மிருகத்தை ஏன் கீழ வச்சாங்கன்னு கேளு. காரணம் இல்லாம இல்ல. கீழ்த்தளத்துல சூடு ஏறாது, அதிர்வு இருக்காது, போறவன் வர்றவன் எட்டிப் பாக்க மாட்டான். இதெல்லாம் கடுதாசியில எழுதுற காரணம். எழுதாத காரணம் ஒண்ணு இருக்கு: மேல் மாடியில ஜன்னல் இருக்கு. ஜன்னல் இருந்தா அது பேராசிரியருக்கு. எலி எந்தக் காலத்துல ஜன்னல் கேட்டு மனு போட்டுச்சு?

சரி, ஹூஸ்டன்ல பட்டாங்களே, மத்த ஊர்க்காரன் பாத்துத் திருந்தியிருப்பான்னு நெனைப்பே. 11 வருஷம் கழிச்சு, 2012 அக்டோபர் 29ஆம் தேதி ராத்திரி, நியூயார்க்குல சாண்டி புயல். நியூயார்க் பல்கலைக்கழகத்தோட லாங்கோன் மருத்துவ மையம் ஆத்தங்கரையை ஒட்டி இருக்கு. அங்கயும் ஸ்மைலோ ஆராய்ச்சிக் கட்டடத்துக் கீழ்த்தளத்துல எலிக் கூண்டு. அங்கயும் ஆயிரக்கணக்குல முங்குச்சு. மேல ஆஸ்பத்திரியில 300க்கு மேற்பட்ட நோயாளிகளை இருட்டுல மாடிப்படி வழியா எறக்குனாங்க. அதுல 20 பச்சக் கொழந்தைங்க, தீவிர சிகிச்சையில கெடந்ததுங்க. ஒன்பது மாடி, நர்சுப் பொண்ணுங்க கொழந்தையை மாரோட அணைச்சுக்கிட்டு, கையால காத்துப் பையை அமுக்கிக்கிட்டே எறங்குனாங்களாம். அவுங்களை நான் கேலி பண்ண மாட்டேன்.

பக்கத்துலயே பெல்வியூ ஆஸ்பத்திரி. அங்க உள்ளவங்க கொஞ்சம் வெவரம். தண்ணி வந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சு ஜெனரேட்டரை 13ஆம் மாடிக்கு ஏத்தி வச்சிருந்தாங்க. பலே! ஆனா அதுக்கு டீசல் ஏத்துற பம்பு கீழ்த்தளத்துல. பம்பு முங்குனதும் டாக்டரு, ஊழியரு எல்லாம் படிக்குப் படி வரிசையா நின்னு 13 மாடிக்கும் டீசலைக் கைமாத்திக் கைமாத்தித் தூக்கிக் குடுத்தாங்க. ஒத்துழைப்புன்னா அதுதான் தாயி. அதுல அம்புக்குறி ஒண்ணுகூட இல்ல.

ஹூஸ்டன்காரன் இதுக்குள்ள பாடம் படிச்சுட்டான்னு சொல்லணும். நீர்மூழ்கிக் கப்பல் கதவு மாதிரி இரும்புக் கதவு செஞ்சு சுரங்கத்துக்கு மாட்டுனான். 2017 ஆகஸ்ட்டுல ஹார்வி வந்தப்ப ஊரே தண்ணியில மெதந்துச்சு, அந்த மருத்துவ மையம் பெரும்பாலும் நின்னு வேலை பாத்துச்சு. ஆனா கதவு போடுறது அவனவன் வீட்டைக் காப்பாத்துற வழி. நான் சொல்லவந்தது வேற.

நம்ம பக்கம் விதை நெல் கதை உனக்குத் தெரியும். நல்ல ரகம் ஒருத்தன் கையில இருந்தா ரெண்டு மரக்கா பக்கத்து ஊர்க்காரனுக்குக் குடுத்து வைப்பான். தருமத்துக்கு இல்ல. தன் வீட்டுக் குதிரு வெள்ளத்துல போனா அவன்கிட்ட போயி, "அன்னைக்குக் குடுத்தேனே"ன்னு நிக்கலாம். குடுக்காதவன் ரகம் அவன் குதிரோட போச்சு.

இதே கதை அமெரிக்காவுல எலிக்கு நடந்திருக்கு. மெயின் மாநிலத்துல ஒரு தீவுல பார் ஹார்பர்னு ஒரு கடலோர ஊரு. அங்க கிளாரன்ஸ் குக் லிட்டில்னு ஒருத்தர் 1929ல ஜாக்சன் ஆய்வகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. வேலை, ரகம் ரகமா எலி வளக்குறது. சாதாரண வளப்பு இல்ல, அண்ணன் தங்கச்சிக்கே சோடி சேத்து, அப்படியே 20 தலைமுறை. அப்பத்தான் ஒரு எலிக்கும் இன்னொரு எலிக்கும் ரத்தத்துல வித்தியாசம் இல்லாம வரும். அப்படி வந்தாத்தான் ஒரு மருந்தை இதுக்குக் குடுத்து அதுக்குக் குடுக்காம வச்சு, வித்தியாசம் மருந்தால வந்துச்சா பொறப்பால வந்துச்சான்னு சொல்ல முடியும். ஒரு ரகம் உண்டாக்க வருஷக்கணக்கு ஆவும். போச்சுன்னா கடையில வாங்க முடியாது.

1947 அக்டோபர் மாசம் அந்தத் தீவுல காட்டுத்தீ. நாள்கணக்கா எரிஞ்சு ஊருக்குள்ள வந்துருச்சு. ஆய்வகம் போச்சு, எலி அத்தனையும் ஏறக்குறைய போச்சு. அந்த ஊருல கோடீஸ்வரன் தெருன்னே ஒரு வரிசை, பணக்காரங்க கோடைக்கு வந்து தங்குற மாளிகைங்க. அதுவும் எரிஞ்சு சாம்பல். இப்ப கவனி. ஆய்வகம் அதுவரைக்கும் உலகத்துல பல ஊரு ஆராய்ச்சிக்காரங்களுக்கு எலியைக் குடுத்துக்கிட்டே இருந்துச்சு. அந்த எலியோட பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாம் அங்கங்க சொகமா இருந்துச்சுங்க. சேதி தெரிஞ்சதும் அவனவன் பெட்டியில போட்டு அனுப்பி வச்சான். ஆய்வகம் மறுபடி எந்திரிச்சிடுச்சு. மாளிகைக்காரனுக்கு எந்த ஊர்லேருந்தும் யாரும் மாளிகை அனுப்பல.

சாண்டியிலயும் இதேதான். முங்குன எலியில எந்த ரகத்தை முன்னாடியே வெளியூர்க்காரனுக்குக் குடுத்திருந்தாங்களோ, அது திரும்பி வர வழி இருந்துச்சு. "இன்னும் கட்டுரை வெளியாகல, வந்த பொறவு தர்றேன்"னு பூட்டி வச்சிருந்த ரகத்துக்குக் கட்டுரையும் இல்ல, எலியும் இல்ல. எதிராளி முந்திக்குவான்னு பயந்துதானே பூட்டுறது? கடல் முந்திக்கிச்சு.

உறைய வச்சுட்டாப் போச்சுன்னு நீ சொல்லுவே. 1972லயே எலிக் கருவை உறைய வச்சு மறுபடி உசிரோட எடுக்குற வித்தையைக் கண்டுபுடிச்சுட்டாங்க, எனக்கும் தெரியும். நல்லதுதான். ஆனா உறைய வச்சதையும் ஒரே கட்டடத்துல வச்சா என்ன ஆவும்? 2005 ஆகஸ்ட்டுல கத்ரீனா வந்து நியூ ஆர்லியன்ஸ்ல கரண்டு போனதும் உறைபெட்டி உருகுச்சு, உள்ள இருந்த ஆராய்ச்சி மாதிரியெல்லாம் தண்ணியாப் போச்சு. அந்தச் சமயம் டியூலேன் மருத்துவக் கல்லூரி மாணவங்களைக் கூப்புட்டு எடங்குடுத்தது யாருன்னா, ஆலிசன்ல அடிபட்ட அதே பேலர் கல்லூரி. மத்த டெக்சாஸ் கல்லூரிங்களும் சேந்துக்கிச்சு. ஒரு கல்லூரியே ஊர் பெயந்து ஹூஸ்டன்ல வந்து ஒரு படிப்பு வருஷத்தை ஓட்டுச்சு. தண்ணி பாத்தவனுக்குத் தண்ணி பாத்தவன் அருமை தெரியும்.

புயலாவது கண்ணுக்குத் தெரியும். கொரோனா வந்தப்ப உங்க ஆளுங்க பண்ணுனதைப் பாரு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்குல மருந்துச் சோதனை ஆரம்பிச்சாங்க. அவனவன் ஆஸ்பத்திரியில அவனவன் சோதனை. பின்னாடி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்து ஆளுங்களே ஒக்காந்து கணக்குப் பாத்து 2021ல எழுதுனாங்க: உருப்படியா ஒரு முடிவு சொல்ற அளவுக்கு ஆளும் அமைப்பும் இருந்தது நூத்துக்கு அஞ்சுதான். மிச்சம் 95 எதுக்குன்னா, நாங்களும் பண்ணுனோம்னு சொல்லிக்கத்தான்.

வெள்ளைக்காரன் ஊருல, ஆக்ஸ்போர்டுக்காரங்க ரிகவரின்னு ஒரே சோதனையை 176 ஆஸ்பத்திரியில பரப்புனாங்க. டாக்டரு நிரப்பவேண்டிய படிவம் ரொம்பச் சின்னது. நோயாளி மூச்சு விட முடியாமத் தவிக்குறப்ப நாப்பது பக்கம் யாரு நிரப்புவா? 2020 மார்ச்சுல மொத ஆளைச் சேத்தாங்க, ஜூன் 16ஆம் தேதி முடிவு சொல்லிட்டாங்க. டெக்சாமெத்தசோன், நம்ம ஊரு மருந்துக்கடையில சல்லிக் காசுக்குக் கெடைக்கிற மாத்திரை. மூச்சுக் கருவியில இருந்தவங்கள்ல நூத்துக்கு 41 பேர் செத்துக்கிட்டிருந்தது 29 ஆச்சு. ஒரு பெரிய ஆஸ்பத்திரி தனியா பண்ணியிருந்தா அடுத்த தொற்று வர்ற வரைக்கும் ஆள் சேத்துக்கிட்டு இருந்திருக்கும்.

உங்க ஆளுங்க பண்ணுன நல்லதும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன், இல்லேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே. 2020லயே உங்க மையங்கள்லாம் சேந்து நோயாளி விவரத்தை ஒரே எடத்துல கொட்டுனீங்களே, தேசிய கோவிட் கூட்டுத் தொகுப்புன்னு. கொட்டுன பொறவுதான் வேடிக்கை. நாலு விதமான கணக்கு முறையில வந்து நின்னுச்சு. ஒரு ஊருல எடையைப் பவுண்டுல எழுதியிருக்கான், ஒரு ஊருல கிலோவுல எழுதியிருக்கான். இன்னொருத்தன் வெறும் எண்ணை எழுதிட்டுப் போயிட்டான், அது பவுண்டா கிலோவான்னு அவன் குலதெய்வத்துக்குத்தான் வெளிச்சம். 80னு இருந்தா ஆளு குண்டா, ஒல்லியா? அதை ஒக்காந்து ஒவ்வொண்ணா நேராக்குனாங்க பாரு, அந்தப் புள்ளைங்களுக்கு எந்த மேடையிலயும் மாலை விழல. உன் பேச்சுல அவுங்களுக்கு ஒரு படம் ஒதுக்கு. வட்டம் வேண்டாம்.

அறநெறிக் குழு சமாச்சாரமும் அப்படித்தான். ஒரே ஆராய்ச்சியைப் பல ஊருல பண்ணணும்னா, ஊருக்கு ஒரு குழு கூடி அதே கடுதாசியைப் படிக்கும். ஒரு ஊருக்குழு காற்புள்ளியை எடுக்கச் சொல்லும், மறு ஊருக்குழு அதே எடத்துல போடச் சொல்லும். திருத்துனதை மறுபடி எல்லாருக்கும் அனுப்பணும். இதுலயே நோயாளிக்குப் பாதி ஆயுசு போயிடும். 2018 சனவரியிலேருந்து, அரசாங்கப் பணத்துல பல ஊருல நடக்குற ஆராய்ச்சிக்கு ஒரே குழு பாத்தாப் போதும்னு தேசிய சுகாதார நிறுவனம் விதி போட்டுச்சு. காற்புள்ளி போடுற வேலையில ஆயுசைக் கழிச்ச பெரியவங்களுக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கியிருக்காது.

இந்த ஒத்துழைப்பெல்லாம் ஏதோ புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி பேசாதே. மெட்ராஸ்ல 1956லயே காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஒண்ணு வச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாலு பேரும் கூட்டு. வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர் வந்து பாத்தாரு. கேள்வி ரொம்பச் சின்னது: காசநோய்க்காரனை ஆஸ்பத்திரியில மாசக்கணக்குல படுக்கவச்சு நல்ல சோறு போட்டாத்தான் கொணமாவுமா, இல்ல குடிசையிலயே மாத்திரை குடுத்தாப் போதுமா? சீட்டுப் போட்டு ரெண்டா பிரிச்சு வைத்தியம் பாத்தாங்க. 1959ல முடிவு வந்துச்சு. இத்துனூண்டு வீடு, அரைவயித்துச் சோறு, ஆனாலும் வீட்டுல இருந்தவன் ஆஸ்பத்திரியில இருந்தவனுக்குச் சமமாக் கொணமானான். வீட்டுல உள்ளவங்களுக்கு நோய் கூடுதலாப் பரவவும் இல்ல. உலகம் முழுக்க காசநோய் ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாக ஆரம்பிச்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். நாலு பேரும் அப்ப ஒத்துழைப்புன்னு எத்தனை படம் போட்டாங்கன்னு தெரியல. அந்தக் காலத்துல படம் போடுற மெஷின் இல்லாதது நல்லதாப் போச்சு.

கடைசியா ஒரு கொரங்குக் கதை. இதை உன் பெரிய டாக்டர்மாருங்ககிட்ட சொல்றப்ப அவங்க மொகத்தைப் பாத்துக்கிட்டே சொல்லு.

போர்ட்டோ ரிக்கோ பக்கத்துல காயோ சாந்தியாகோன்னு ஒரு சின்னத் தீவு. அங்க கொரங்கு மட்டும்தான் குடி. வேற நாட்டுக் கொரங்கு இல்ல, நம்ம நாட்டுக் கொரங்குதான். 1938ல இந்தியாவுலேருந்து நானூறு சொச்சத்தைக் கப்பல் ஏத்திக்கிட்டுப் போயி விட்டாங்க. இப்ப பேரன் பேத்தி எடுத்து ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. பல பல்கலைக்கழகத்துக்காரங்க சேந்து தலைமுறை தலைமுறையா அதுங்களோட குடும்பக் கணக்கை எழுதி வச்சிருக்காங்க. 2017 செப்டம்பர் 20ஆம் தேதி மரியா புயல். தீவோட மரஞ்செடியில பாதிக்கு மேல போச்சு. எதிர்க்கரையில இருக்குற புந்தா சாந்தியாகோ ஊர் சனங்க தெருவுலயே, தண்ணியும் சோறும் வேணும்னு பெரிய எழுத்துல எழுதி வச்சாங்க, மேல பறக்குற விமானத்துக்குத் தெரியட்டும்னு. அந்த ஊருலேருந்துதான் வேலைக்காரங்க, தங்க வீடே இல்லாத நெலமையில, படகு ஏறிப் போயி கொரங்குக்குத் தீனி போட்டாங்க.

கொரங்கு அதிசயமாப் பொழைச்சுக்கிச்சு. ஆனா நெழல் போச்சு, வெயில் நாப்பது டிகிரியைத் தாண்டி அடிக்குது. அந்தச் சாதிக் கொரங்கு பொல்லாதது தாயி, பக்கத்துல இன்னொண்ணு வந்து ஒக்காந்தாலே பல்லைக் காட்டும். இருக்குற கொஞ்ச நெழலுக்கு அடிச்சுக்கிட்டுச் சாவும்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. நடந்தது வேற. நெருங்கி ஒக்காந்துச்சு. பழைய கூட்டாளியோட ஒட்டிக்கிட்டதை விட, புதுசா அறிமுகம் புடிச்சதுதான் அதிகம். அதுலயும், புயலுக்கு முன்னாடி ஒதுங்கிக் கெடந்த கொரங்குதான் ரொம்ப ஆள் சேத்துக்கிச்சுன்னு 2021ல எழுதுனாங்க. அடுத்தவனைச் சகிச்சு நெழலைப் பங்குபோட்ட கொரங்குக்கு ஆயுசு கூடுதல்னு 2024ல எழுதுனாங்க. நெழலைப் பங்குபோட்டப்ப எந்தக் கொரங்கும் கட்டுரையில மொதப் பேரு யாருதுன்னு கேக்கல. ரெண்டு பேருக்கும் சரிசமம்னு பேருக்கு மேல நட்சத்திரம் போட்டு, கீழ பொடி எழுத்துல வெளக்கம் எழுதவும் சொல்லல.

அதனால பேச்சை நான் சொல்றாப்புல மாத்து. புரிந்துணர்வு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு ரெண்டு இயக்குநரும் கைகுலுக்குற போட்டோவைத் தூக்கு. அந்த எடத்துல, எங்க மையத்து எலி ரகம் எந்தெந்த ஊருல இருக்கு, எங்க உறைஞ்ச மாதிரியில பாதி எந்த ஊரு உறைபெட்டியில இருக்கு, ஜெனரேட்டர் எந்த மாடி, அதுக்கு டீசல் ஏத்துற பம்பு எந்த மாடின்னு எழுது. பம்பைப் பத்தி உன் இயக்குநருக்கே தெரியாது, பந்தயம் கட்டுறேன். கட்டடத்துக்குக் காவல் நிக்கிறவரைக் கேளு, அவருக்குத் தெரியும்.

ஊருப் பட்டியல் காலியா இருந்தா வெக்கப்படாதே. நீயே ஆரம்பி. உனக்குப் புடிக்காத ஆளு ஒருத்தன் இருக்கானே, கருத்தரங்குல உன்னைக் குறுக்குக் கேள்வி கேட்டான்னு போன தடவை அழுதியே, அவன் மலைப்பாங்கான ஊருலதானே இருக்கான்? நல்லது. கடல் அங்க வராது. திங்கக்கிழமையே உன் ரகத்துல நல்ல சோடியாப் பொறுக்கி அவனுக்கு அனுப்பு. வாங்கி வச்சுக்கிட்டு அவன் உனக்கு முந்திக் கட்டுரை போட்டான்னா போடட்டும், வெள்ளம் வந்த மறுநாள் அவன் வாசல்ல நிக்க உனக்கு உரிமை இருக்கு. கூடவே, கட்டுரையில உன் பேரைச் சேக்கச் சொல்லி ஒரு வரி எழுதத்தான் போறே, எனக்குத் தெரியும். எழுது. மொதப் பேரு கேக்காதே, மூணாவது பேராக் கேளு.